வீட்டைச் சூழ்ந்த மண்: வாகட் வீட்டு உரிமையாளர் அறிய வேண்டிய விதிகள்

வீடு வாங்குவோர் சுவரையும் கூரையையும் கூர்ந்து நோக்குகின்றனர். கம்பளப் பரப்பு எவ்வளவு, வண்டி நிறுத்தம் உண்டா, மின்தூக்கி எத்தனை என்று கேட்கின்றனர். ஆனால் அவ்வீட்டைச் சூழ்ந்துள்ள மண், அதில் நிற்கும் மரம், அதன்மேல் பெய்யும் மழை ஆகியவற்றைப் பற்றிக் கேட்போர் மிகச் சிலரே. அம்மண்ணுக்கும் விலை கொடுத்திருக்கிறோம். அதன் பராமரிப்புக்கு மாதந்தோறும் பணம் செலுத்துகிறோம். அதில் விதி மீறினால் தண்டமும் நாமே கட்ட வேண்டும். எனவே தோட்டம், மரம், திறந்தவெளி ஆகியவை குறித்த விதிகளை அறிவது வீட்டு உரிமையாளரின் பொருளாதார அறிவில் ஒரு பகுதியே ஆகும்.

இவ்விதழில் புணே மாநகரை அடுத்த வாகட் பகுதியை எடுத்துக்கொள்கிறோம். ஹிஞ்சவடி தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் பணிபுரியும் தமிழ்க் குடும்பங்கள் பல இங்கும் இதன் சுற்றுப்புறங்களிலும் வீடு வாங்கிக் குடியேறியுள்ளன. மதுரையிலோ கோவையிலோ பழகிய வழக்கத்தை இங்கே அப்படியே பின்பற்ற இயலாது. சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. பிற ஊர்களில் வாழும் வாடிக்கையாளர்கள் இக்கட்டுரையின் முறையைக் கொண்டு தத்தம் ஊர் விதிகளை ஒப்பிட்டறியலாம்.

எந்த அலுவலகத்தை நாடுவது?

வாகட் வாசிகள் பேச்சுவழக்கில் தம்மைப் புணேவாசிகள் என்றே கூறிக்கொள்கின்றனர். ஆயினும் வாகட் புணே மாநகராட்சிக்கு உட்பட்டதன்று. 1982-ஆம் ஆண்டு அமைந்த பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சியில் 1997-ஆம் ஆண்டு பதினெட்டுக் கிராமங்கள் இணைக்கப்பட்டன. வாகட் அவற்றுள் ஒன்று. ஆகவே சொத்துவரி, குடிநீர், மரம் வெட்டுவதற்கான அனுமதி, கட்டட வரைபட ஒப்புதல் ஆகிய அனைத்துக்கும் பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சியையே நாட வேண்டும். மரம் தொடர்பான விண்ணப்பங்களை அங்குள்ள தோட்டத் துறை, அதாவது மராத்தியில் ‘உத்யான் விபாக்’, கவனிக்கிறது.

முப்பது ஆண்டுகளுக்கு முன் வயலும் தோப்புமாக இருந்த ஊர் இது. இன்றைய குடியிருப்பு வளாகங்கள் சிலவற்றில் நிற்கும் வேம்பும் ஆலும் மாமரமும் கட்டடங்களைவிட வயதில் மூத்தவை. இச்செய்தி அடுத்த பகுதிக்கு மிகவும் இன்றியமையாதது.

என் நிலத்து மரம் என்னுடையதா?

மரம் நம் நிலத்தில் இருக்கலாம். அதை நாமே நட்டும் இருக்கலாம். ஆயினும் மகாராஷ்டிர நகர்ப்பகுதிகளில் அதை நம் விருப்பப்படி வெட்ட இயலாது. 1975-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர நகர்ப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம், ஒவ்வொரு மாநகராட்சியிலும் மர ஆணையம் ஒன்றை நிறுவ வகைசெய்கிறது. மர அலுவலரின் முன் அனுமதியின்றி எம்மரத்தையும் வீழ்த்துதல் குற்றமாகும். அதற்கு அபராதமும் சிறைத்தண்டனையும் உண்டு.

இங்கே ‘வீழ்த்துதல்’ என்னும் சொல்லின் பொருளைக் கவனித்தல் வேண்டும். அடியோடு வெட்டுவது மட்டுமே வீழ்த்துதல் என்று பலர் கருதுகின்றனர். சட்டமோ எரித்தல், வெட்டுதல், எவ்வகையிலேனும் சேதப்படுத்துதல் ஆகிய அனைத்தையும் அச்சொல்லில் அடக்குகிறது. வேரில் அமிலம் ஊற்றுவதும், பட்டையை வளையமாக உரிப்பதும், மொட்டையாகும்படி கிளைகளைக் கழிப்பதும் இதனுள் அடங்கும். பலகணியை மறைக்கிறது, வண்டிமேல் சருகு உதிர்கிறது, பறவைகள் எச்சமிடுகின்றன என்னும் காரணங்களுக்காக வளாகச் செயற்குழு ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஆள் அமர்த்திக் கிளைகளை வெட்டச் செய்தால், அச்செயலுக்குக் குழு உறுப்பினர்களே பொறுப்பாவர். கிளை கழிப்பதற்கும் மாநகராட்சியில் விண்ணப்பித்து எழுத்து வடிவில் அனுமதி பெறுவதே பாதுகாப்பு.

2021-ஆம் ஆண்டு இச்சட்டம் திருத்தப்பட்டது. ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட ஆண்டு வயதுடைய மரங்கள் ‘மரபுரிமை மரங்கள்’ எனச் சிறப்புப் பாதுகாப்புப் பெற்றன. மேலும், வெட்டப்படும் மரத்தின் வயது எத்தனை ஆண்டோ அத்தனை மரக்கன்றுகளை ஈடாக நடவேண்டும் என்னும் நெறியும் வந்தது.

இதன் பொருளை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். முப்பது ஆண்டு வயதுள்ள ஒரு வேம்பை அனுமதியுடன் அகற்றுவதாக வைத்துக்கொள்வோம். ஈடாக முப்பது கன்றுகள் நடவேண்டும். கன்றுக்குக் கன்று மூன்று மீட்டர் இடைவெளி விட்டால் ஒரு கன்றுக்கு ஒன்பது சதுர மீட்டர் வீதம் மொத்தம் 270 சதுர மீட்டர் நிலம் தேவை. ஓர் ஏக்கர் அளவுள்ள வளாகத்தின் பொதுத் தோட்டமே ஏறத்தாழ 400 சதுர மீட்டர்தான். ஒரு மரத்தை நீக்கி வண்டி நிறுத்த இடம் காண முயன்றால், தோட்டத்தின் மூன்றில் இரண்டு பங்கைக் கன்றுகளுக்கு ஒதுக்க நேரும். நின்ற மரத்தை நிற்கவிட்டுப் பேணுவதே பெரும்பாலும் செலவு குறைந்த வழி என்பது இக்கணக்கால் விளங்கும்.

சட்டம் இரக்கமற்றதும் அன்று. மரம் பட்டுப்போனாலோ, நோயுற்றாலோ, உயிருக்கோ உடைமைக்கோ இடர் விளைவிக்கும் நிலையில் சாய்ந்திருந்தாலோ அக்காரணத்தைக் காட்டி விண்ணப்பிக்கலாம். அத்தகைய விண்ணப்பத்துடன் மரத்தின் புகைப்படங்கள், அது நிற்கும் இடத்தின் வரைபடம், வளாகக் கூட்டத் தீர்மானத்தின் படி ஆகியவற்றை இணைத்தல் நன்று. வெட்டுவதற்கு முன் பொது அறிவிப்பு வெளியிட்டு மறுப்புரைகளைக் கேட்கும் நடைமுறையும் உள்ளது. மரத்தில் ஓர் அறிவிப்புத் தாள் ஒட்டப்பட்டிருப்பதைக் கண்டால் அதை நின்று படியுங்கள். மறுப்புரைக்க உங்களுக்கும் உரிமை உண்டு.

மரத்தடியில் சிமெண்டு பூசுவதும் ஒருவகைச் சேதமே. தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குச் சிமெண்டுத் தளத்தை அகற்ற வேண்டும் எனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013 ஏப்ரலில் ஆணையிட்டது. வேருக்கு நீரும் காற்றும் செல்ல வேண்டும் என்பதே அதன் கருத்து. நடைபாதைக்குக் கற்கள் பதிக்கும் வளாகங்கள் எந்த ஊரில் இருப்பினும் இவ்வளவைப் பின்பற்றுதல் தகும். வேர் மூச்சடைத்த மரம் ஒரு சூறைக்காற்றில் சாயும். சாயும்போது அது கீழே நிற்கும் வண்டியைப் பார்த்துச் சாய்வதில்லை.

திறந்தவெளி யாருக்குச் சொந்தம்?

மகாராஷ்டிர அரசு 2020-ஆம் ஆண்டு வெளியிட்ட ஒருங்கிணைந்த வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, 0.4 ஹெக்டேர், அதாவது 4,000 சதுர மீட்டர், அல்லது அதற்கு மேற்பட்ட நிலத்தில் கட்டப்படும் வளாகங்களில் பத்து விழுக்காடு பொழுதுபோக்குத் திறந்தவெளியாக ஒதுக்கப்பட வேண்டும். இது குடியிருப்போர் அனைவரின் பொதுப் பயன்பாட்டுக்குரியது. இதனைத் தனியாருக்கு விற்பதோ, வண்டி நிறுத்தமாக மாற்றுவதோ விதியின் நோக்கத்துக்கு முரணானது.

இதனின் வேறானது கட்டடத்தைச் சுற்றி விடவேண்டிய பக்க இடைவெளி. தீயணைப்பு வண்டி செல்லவும், காற்றும் ஒளியும் வரவும் அது விடப்படுகிறது. தரைத்தள வீட்டுக்காரர் தம் வீட்டையொட்டிய இடைவெளியில் வேலியிட்டுத் தனித்தோட்டமாக ஆக்குவதும், தகரக் கூரை போடுவதும் பல வளாகங்களில் பூசலுக்குக் காரணமாகின்றன. விற்பனை ஒப்பந்தத்தில் அவ்விடத்தின் தனிப்பயன் உரிமை எழுதப்பட்டுள்ளதா, மாநகராட்சி ஒப்பிய வரைபடத்தில் அது எவ்வாறு குறிக்கப்பட்டுள்ளது என்னும் இரண்டையும் பார்த்தாக வேண்டும். ஒப்பந்தம் அளிப்பதை வரைபடம் மறுத்தால், அந்தத் தோட்டத்துக்காகக் கொடுத்த கூடுதல் விலை காப்பற்ற பணமே.

வங்கியின் நோக்கிலும் இது சிறிய செய்தியன்று. வீட்டுக்கடன் கோப்பில் சட்ட ஆய்வாளரும் மதிப்பீட்டாளரும் ஒப்புதல் பெற்ற வரைபடத்தையும் நிலையையும் ஒப்பிடுகின்றனர். பக்க இடைவெளியில் எழுந்த அனுமதியற்ற கட்டுமானத்துக்கு மதிப்பீட்டில் இடமில்லை. மறுவிற்பனையின்போது வாங்குபவரின் வங்கி அதைச் சுட்டிக்காட்டினால், பேரம் நின்றுபோகவும் கூடும்.

வரைபடத்தில் பூங்கா என்று காட்டிய இடத்தில் கட்டுநர் பின்னர் வேறொரு கட்டடம் எழுப்ப முனைந்தால் என்ன செய்வது? 2016-ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, ஒப்புதல் பெற்ற வளாக வரைபடத்தையும் பொதுப் பகுதிகளையும் மாற்றுவதற்கு, வீடு வாங்கியோரில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்து வடிவ இசைவு தேவை என்கிறது. பூங்காவும் விளையாட்டு இடமும் அச்சட்டத்தின்படி பொதுப் பகுதிகளே. எனவே வெற்றுத்தாளிலோ, பொருள் விளங்காத ‘தடையில்லை’ படிவத்திலோ கையெழுத்திடுதல் கூடாது.

மற்றொன்று நிலத்தின் உரிமை மாற்றம். கட்டடம் முடிந்து மக்கள் குடியேறிய பின்னும் நிலம் கட்டுநர் பெயரிலேயே நீடிக்கும் வளாகங்கள் உள்ளன. அவ்வாறு நீடிக்கும்வரை தோட்டத்தின் மீது சங்கத்தின் உரிமை உறுதியற்றதே. கட்டுநர் மாற்றிக்கொடுக்கத் தவறினால், மகாராஷ்டிரத்தின் 1963-ஆம் ஆண்டு அடுக்குமாடி உரிமைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்கீழ்க் கூட்டுறவுச் சங்கங்களின் மாவட்டத் துணைப் பதிவாளரிடம் விண்ணப்பித்து, ‘கருதப்பட்ட உரிமை மாற்றம்’ என்னும் வழியாகச் சங்கமே நிலத்தைத் தன் பெயருக்குப் பெறலாம்.

புல்வெளியின் நீர்க்கணக்கு

பிம்ப்ரி-சிஞ்ச்வட் நகருக்குப் பவனா அணையே முதன்மையான நீர்வாயில். 2019 நவம்பரில் இந்நகரில் ஒருநாள் விட்டு ஒருநாள் குடிநீர் வழங்கும் முறை தொடங்கியது. கோடையில் தண்ணீர் லாரிகள் வரிசையில் நிற்கும் வளாகங்களிலும் பச்சைப்பசேலென்ற புல்வெளியைக் காண்கிறோம்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் உயரம் நீர் விட்டால் அது ஒரு லிட்டர். கோடையில் புல்லுக்கு நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் நீர் விடுவதாகக் கொண்டால், 100 சதுர மீட்டர் புல்வெளிக்கு 500 லிட்டர் செலவாகும். நகர்ப்புறத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசு பின்பற்றும் அளவுகோல். ஆகவே அச்சிறு புல்வெளி ஏறத்தாழ நால்வரின் நீரைக் குடிக்கிறது. மாதத்துக்கு 15,000 லிட்டர்; 10,000 லிட்டர் கொள்ளும் லாரிக் கணக்கில் ஒன்றரை லாரி. அந்நீரின் விலை நம் பராமரிப்புக் கட்டணத்தில் சேர்ந்தே வருகிறது.

வெளிநாடுகளும் இக்கணக்கை உணர்ந்துள்ளன. வீட்டுமுன் புல் காய்ந்தால் அபராதம் விதிக்கும் குடியிருப்போர் சங்கங்கள் அமெரிக்காவில் பல. கலிபோர்னியாவில் 2014-ஆம் ஆண்டு வறட்சியின்போது, நீர் விடாமல் புல்லைக் காயவிட்ட வீட்டாருக்குச் சங்கங்கள் அபராதம் விதிக்கலாகாது என்று சட்டமே இயற்றப்பட்டது.

இதற்கு மூன்று வழிகள் உள. முதலாவது, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் நீரைத் தோட்டத்துக்குப் பயன்படுத்துதல். பெரிய வளாகங்களில் இந்நிலையம் பெரும்பாலும் உண்டு; அது ஓடுகிறதா என்பதே வினா. இரண்டாவது, மழைநீர் சேகரிப்பு. தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு கட்டாயமாக்கப்பட்ட இம்முறை நம்மவருக்குப் புதிதன்று. மகாராஷ்டிர விதிகளும் 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனைகளில் எழும் கட்டடங்களுக்கு இதனைக் கட்டாயமாக்குகின்றன. புணேப் பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 200 சதுர மீட்டர் மொட்டைமாடியில் விழும் மழையில் எண்பது விழுக்காடு பிடிபட்டாலும் 1,12,000 லிட்டர் கிடைக்கும். மழை ஜூன் முதல் செப்டம்பர் வரையே பெரும்பகுதியும் பெய்துவிடுவதால், வடிகட்டியையும் குழாய்களையும் மே மாதத்துக்குள் தூய்மை செய்தாக வேண்டும்.

மூன்றாவது, நடுவதைத் தேர்ந்து நடுதல். வேம்பு, புங்கு, மகிழம், சரக்கொன்றை, நாவல் ஆகியவை வேர்கொண்ட பின் குறைந்த நீரில் வாழ்பவை. விரைந்து வளர்ந்து சுவர்போல் நிற்கிறது என்று கோனோகார்பஸ் செடியை வரிசையாக நடும் வழக்கம் பரவியது. குஜராத் அரசு 2023-ஆம் ஆண்டு அதை நடுவதற்குத் தடை விதித்தது. அதன் வேர் நிலத்தடிக் குழாய்களையும் கம்பிவடங்களையும் சேதப்படுத்துவது காரணங்களுள் ஒன்று. குல்மொஹர் மலர் அழகியது. ஆனால் அதன் கிளை எளிதில் முறிவது. அதைச் சுவரோரத்திலும் வண்டி நிறுத்தத்தின் அருகிலும் நடாதிருத்தல் நலம்.

சருகும் நெருப்பும்

உதிர்ந்த இலைகளைக் குவித்துத் தீ வைப்பது எளிய வழியாகத் தோன்றும். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், தோட்டக் கழிவை வளாகத்துக்குள்ளேயே தனியாகச் சேர்த்துவைத்து, உள்ளாட்சி அமைப்பு கூறும் முறையில் அகற்றுமாறு பணித்தன. திறந்தவெளியில் குப்பை எரிப்போருக்குச் சிறு அளவாயின் 5,000 ரூபாயும், பெருமளவாயின் 25,000 ரூபாயும் இழப்பீடாக விதிக்கத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் ஆணையிட்டது. அச்சருகையே உரக்குழியில் இட்டால் தோட்டத்துக்கு உரம் வாங்கும் செலவு குறையும். உரம் தயாரித்தல், மழைநீர் சேகரிப்பு, சூரிய ஆற்றல் ஆகியவற்றுக்குச் சொத்துவரியில் சலுகை தரும் மாநகராட்சிகள் உண்டு. அதற்கான நிபந்தனைகளை வரி அலுவலகத்தில் கேட்டறிந்து விண்ணப்பிக்க வேண்டும். கேளாதவருக்குச் சலுகை தானே வந்து சேர்வதில்லை.

மாலியின் சம்பளம் எவ்வாறு பங்கிடப்படுகிறது?

மகாராஷ்டிரக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களின் மாதிரித் துணைவிதிகளில், காவலர், மின்தூக்கி இயக்குபவர் ஆகியோரின் ஊதியத்துடன் மாலி எனப்படும் தோட்டக்காரரின் ஊதியமும் ‘சேவைக் கட்டணம்’ என்னும் தலைப்பில் வருகிறது. இக்கட்டணம் வீட்டின் பரப்பைக் கருதாமல் எல்லா வீடுகளுக்கும் சமமாகப் பங்கிடப்படுகிறது. ஒரு படுக்கையறை வீட்டாரும் நான்கு படுக்கையறை வீட்டாரும் தோட்டத்துக்கு ஒரே தொகை செலுத்துவது இதனாலேயே. ஆனால் வளாகம் 1970-ஆம் ஆண்டின் அடுக்கக உரிமைச் சட்டத்தின்கீழ் அமைந்திருப்பின், செலவு அவரவர் பிரிவுபடாப் பங்கின் விகிதப்படி பங்கிடப்படும். உங்கள் வளாகம் எவ்வகையைச் சார்ந்தது என்று அறியாமல் கட்டணத்தைப் பற்றி வாதிடுவதில் பயனில்லை.

மற்றொரு கணக்கும் உண்டு. ஒரு வீட்டின் மாதாந்தரப் பராமரிப்புக் கட்டணம் 7,500 ரூபாயைக் கடந்து, சங்கத்தின் ஆண்டு வரவும் 20 இலட்சம் ரூபாயை மீறினால், 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி சேரும். தோட்ட அலங்காரத்துக்கென மாதக் கட்டணத்தைச் சிறிது உயர்த்துவது சில வளாகங்களை இவ்வெல்லைக்கு மேல் தள்ளிவிடக் கூடும். வரவு செலவுத் திட்டத்தை ஏற்பது பொதுக்குழு. ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டம் செப்டம்பர் 30-க்குள் நடைபெற வேண்டும். அன்று வராதவர், பின்னர் மாலியிடம் குறைகூறுவதில் பொருளில்லை.

மரம் சாய்ந்தால்

2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் வழங்கிவரும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்னும் பொதுவான வீட்டுக் காப்பீட்டில், புயல், வெள்ளம், இடி ஆகியவற்றுடன் மரம் விழுந்து ஏற்படும் மோதல் சேதமும் அடங்கும். சுற்றுச்சுவர், வேலி, வாயிற்கதவு ஆகியவையும் கட்டடத்தின் பகுதியாகவே கொள்ளப்படுகின்றன. ஆனால் கீழே நிற்கும் காருக்கு இது பொருந்தாது. அதற்கு வாகனக் காப்பீட்டில் சொந்தச் சேதப் பகுதி இருத்தல் வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் போதாது. மழைக்காலத்துக்கு முன் சாய்ந்த மரத்தைப் பற்றி மாநகராட்சிக்கு அனுப்பிய விண்ணப்பத்தின் ஒப்புகையைச் சங்கம் பாதுகாத்து வைத்தால், பின்னர்ப் பொறுப்பு யாருடையது என்ற வழக்கு எழும்போது அதுவே சான்றாகும்.

செய்யத்தக்கவை

வீடு வாங்கும் முன்: ஒப்புதல் பெற்ற வளாக வரைபடத்தில் திறந்தவெளியைக் காண்க, அதே இடத்தை நேரில் சென்று காண்க. நிலம் சங்கத்தின் பெயரில் உள்ளதா என்று கேட்க.

வாங்கிய பின்: சொத்துவரிச் சீட்டை முழுமையாகப் படிக்க. மரப் பாதுகாப்புக்கெனத் தனி வரி வசூலிக்க 1975-ஆம் ஆண்டுச் சட்டம் மாநகராட்சிகளுக்கு இடமளிக்கிறது. அவ்வரியைச் செலுத்துவோர் மரச் சேவையைக் கேட்கும் உரிமையும் உடையவர்.

ஆண்டுதோறும்: மே மாதத்தில் மழைநீர்க் குழாய்; மழைக்கு முன் கிளை கழிக்க விண்ணப்பம்; செப்டம்பரில் பொதுக்குழு. மரங்களை எண்ணி, இனத்தையும் உத்தேச வயதையும் ஒரு பதிவேட்டில் எழுதிவைக்க.

தவணை முடியும் ஆண்டில் வீடு பழையதாகிவிடும். கட்டடத்தின் மதிப்பு தேய்ந்திருக்கும். தேயாமல் நிற்பது நிலத்தின் மதிப்பே. இருபது ஆண்டுக் கடன் முடியும் நாளில், இன்று நட்ட மகிழங்கன்றும் இருபது ஆண்டு மரமாகி நிழல் தந்துகொண்டிருக்கும். அம்மண் யாருடையது, அம்மரத்தை யார் காப்பது என்பதை ஆவணத்தில் தெளிவாக எழுதிவைப்பது இன்றைய உரிமையாளரின் கடமை. ஐயமுள்ள ஆவணங்களை உங்கள் கிளைக்குக் கொண்டு வாருங்கள். உடனிருந்து படித்து விளக்கக் காத்திருக்கிறோம்.